பத்து ஆடும் பத்துக் கப்பலும்

லாரி டிரைவர் ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, எதிரே தொங்கிய எழுத்துப் பலகையின் கடைசி வரியைக் கடகடவென்று ஒப்பித்தார். திணறவில்லை, கண்ணைச் சுருக்கவில்லை. ஒரே ஒரு குறைதான். அந்த வரி அந்தப் பலகையில் இல்லை.

"அது நேத்துத் தொங்கின பலகை, அண்ணே," என்றாள் கண்ணாடியக்கா.

"மாத்திட்டீங்களா? ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா அக்கா? இதெல்லாம் நியாயமே இல்ல."

"எதிர்ல வர்ற பஸ்ஸுகூடத்தான் தினம் மாறுது. அதையும் மனப்பாடம் பண்ணிட்டு வருவீங்களா?"

லைசென்ஸைப் புதுப்பிக்கக் கண் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு அவள் கடைக்குத்தான் வர வேண்டும். டிரைவர்கள் கூடிப் பேசும் டீக்கடையில் அந்தக் கடைசி வரி பாடத்திட்டம் மாதிரி கைமாறிக்கொண்டிருந்தது என்பதை நாலு வருஷத்துக்கு முன் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து நாலு பலகை வைத்திருக்கிறாள். எந்த நாளில் எது தொங்கும் என்று அவளுக்கே தெரியாது. காலையில் கடை திறந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவுவாள். கண் பரிசோதனைக் கடையில் கண்ணை மூடிக்கொண்டு நடக்கும் வேலை அது ஒன்றுதான்.

டிரைவருக்குப் புதுக் கண்ணாடி எழுதிக் கொடுத்து அனுப்பினாள். போகும்போது அவர் வாசலைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். அதுவும் பழக்கத்தில்தான் என்று அவளுக்குச் சந்தேகம்.

கீழே கடை, மேலே வீடு. வீட்டின் கடைசி அறையில், துணி காயப்போடும் கொடிக்கும் இஸ்திரி மேஜைக்கும் நடுவே, ஒரு ரேடியோப் பெட்டி உட்கார்ந்திருந்தது. பாட்டுக் கேட்கிற ரேடியோ அல்ல, ஆளோடு ஆள் பேசுகிற ரேடியோ. ஹாம் ரேடியோ என்பார்கள். பொழுதுபோக்காகப் பேசுவதற்கே அரசாங்கத்தில் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டிய ஒரே காரியம் அது. பல வீடுகளில் அந்த ஏற்பாட்டை வேறு பேச்சுக்கும் கொண்டுவந்தால் தேவலை.

அந்த வீட்டில் இரண்டு லைசென்ஸ் இருந்தன. புருஷனுடையது முதல் கிரேடு. கடல் தாண்டிப் போகிற சிற்றலையில் உலகம் முழுக்கப் பேசலாம். அவளுடையது இரண்டாம் கிரேடு. ஊர் எல்லை வரைக்கும் பேசலாம். அதற்கு மேல், கேட்கலாம், பேசக்கூடாது.

"புதுசா கல்யாணமாகி வந்தப்போ எனக்கு இருந்த லைசென்ஸும் இதேதான்," என்பாள் அவள்.

புருஷன் எடைக்கல்லுக்கு முத்திரை போடும் ஆய்வாளர். ஊரில் முத்திரைக்காரர் என்றால்தான் தெரியும். கடைத் தராசு இருபது கிராம் சாய்ந்தாலும் விடமாட்டார். தக்காளி வாங்கப் போனால் தக்காளியைப் பார்க்காமல் தராசைப் பார்ப்பார். ரேடியோ கிளப்புக்கும் அவர்தான் செயலாளர். விதிப் புத்தகத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குகிற அளவுக்குச் செயலாளர். பரீட்சை நடத்தினால் அதை கேசட்டில் பதிவு செய்து, விடைத்தாளோடு உறையில் போட்டு, அரக்கு வைத்து ஐந்து வருஷம் பாதுகாக்க வேண்டும் என்று விதி. நாட்டில் எத்தனையோ கிளப். அந்த விதியைப் படித்தவர் ஒருவர் இருந்தால் அது இவர்தான்.

இரண்டாம் கிரேடுக்கும் முதல் கிரேடுக்கும் நடுவே நின்றது மோர்ஸ் பரீட்சை. புள்ளியும் கோடுமாக பீப் பீப் என்று சத்தம் வரும். கேட்டுக் கேட்டு எழுத்தாக எழுத வேண்டும். அந்தப் பரீட்சையை கிளப்பே நடத்தலாம். கிளப் தலைவரான மாவு மில்காரர்தான் பீப் சத்தம் எழுப்பும் சாவியைத் தட்டுவார். மூன்று வருஷம், மூன்று தடவை எழுதினாள். மூன்று தடவையும் தோற்றாள். காரணம், ஆடு.

பரீட்சையில் வந்த ஆங்கிலப் பத்தி இதுதான்: நாளைக் காலை பத்து ஆடுகள் துறைமுகம் வந்து சேரும், ஆடுகளை எண்ணவும், ஆடுகளுக்குப் புல் போடவும். இப்படியே ஆறு இடத்தில் ஆடு. அவள் ஆறு இடத்திலும் 'ஷீப்' என்று எழுதாமல் 'ஷிப்' என்று எழுதியிருந்தாள். பத்துக் கப்பல் வந்து சேர்ந்தது. கப்பலை எண்ணினாள். கப்பலுக்குப் புல்லும் போட்டாள். ஐந்து பிழைக்கு மேல் போனால் தோல்வி.

"கப்பல் எங்கயாவது புல் தின்னுமா? எழுதறப்போ யோசிக்க வேண்டாமா?" என்று முத்திரைக்காரர் வருஷம் தவறாமல் கேட்டார்.

"யோசிச்சேங்க. ஆனா காதுல கப்பல்தான் விழுந்துச்சு. காதுல விழுந்ததை எழுதறதா, யோசிச்சதை எழுதறதா?"

அந்தக் கேள்விக்கு விதிப் புத்தகத்தில் பதில் இல்லை. ஆகையால் அடுத்த வருஷமும் அவர் தன் கேள்வியையே கேட்டார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகத்தான் இருந்தது, தீவம்மாவின் கண்ணாடி உடையும் வரை.

தீவம்மா என்பது இவள் வைத்த பெயர். எங்கேயோ நடுக்கடலில் ஒரு தீவு, அதில் ஒரு வானிலை நிலையம், அதில் ஒற்றை ஆளாக ஒரு பெண்மணி. காற்றையும் மழையையும் அளந்து எழுதுவது வேலை. மாலை ஐந்து நாற்பதுக்குப் பத்து நிமிஷம் தன் சொந்த ரேடியோவில் வந்து, "யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிடுவார். கொசு முனகுவது போன்ற அந்தக் குரல், என்ன மாயமோ, இந்த வீட்டு மொட்டைமாடி ஏரியல் கம்பியில் மட்டும் வந்து விழும். கண்ணாடியக்கா ஆறு மாதமாகக் கேட்கிறாள். அவருக்கு முழங்கால் வலி, பாலிதீன் பை பிடிக்காது, தகர டப்பாவில் கத்திரிச் செடி வளர்க்கிறார், எல்லாம் தெரியும். இவள் என்று ஒருத்தி இருப்பதே அவருக்குத் தெரியாது.

பதில் சொல்வது முத்திரைக்காரர். ஐந்தரைக்கு ஆபீசிலிருந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் மைக்கைப் பிடிப்பார். "உங்கள் ஒலி ஐந்துக்கு மூன்று. இங்கே வெயில். எழுபத்து மூன்று." எழுபத்து மூன்று என்றால் ஹாம்காரர்கள் பாஷையில் வணக்கம், வருகிறேன். ஆறு மாதமாக அவர் அந்த அம்மாவோடு பேசியது இவ்வளவுதான்.

"கத்திரி பூத்துச்சான்னு கேளுங்களேன்," என்று பின்னால் நின்று கிசுகிசுப்பாள்.

"மூணாம் மனுஷங்க சேதியெல்லாம் அனுப்பக் கூடாது."

"நான் மூணாம் மனுஷியா?"

"விதிப்படி."

ஒரு செவ்வாய்க்கிழமை தீவம்மா சொன்னார்: கண்ணாடியில் காதில் மாட்டும் கையின் ஸ்க்ரூ எங்கோ விழுந்துவிட்டது. மாற்றுக் கண்ணாடி இல்லை. படகு வர ஆறு வாரம். "பாரமானில இருக்கறது மூணா எட்டான்னு தெரியல. ரெண்டையும் கூட்டி, ரெண்டால வகுத்து எழுதிட்டு இருக்கேன். யாருக்காவது வழி தெரியுமா? ஓவர்."

கண்ணாடியக்கா துள்ளி எழுந்தாள். முப்பது வருஷமாக அவள் செய்யும் தொழில் அது! மீன் தூண்டில் நரம்பை ஸ்க்ரூ துளையில் விட்டு, வெளியே நீட்டும் நுனிக்கு மட்டும் தீக்குச்சியைக் காட்டினால், உருகி மொட்டு மாதிரி நின்றுகொள்ளும். பத்து வருஷத்துக்கு அசையாது. மூச்சு விடாமல் சொன்னாள். முத்திரைக்காரர், அவசரநிலை விதி ஒன்றை மனதுக்குள் புரட்டித் திருப்தியடைந்து, மைக்கை அழுத்தி, தந்தி பாஷையில் சுருக்கிச் சொன்னார்:

"கண்ணாடிக்குத் தீக்குச்சியால் சூடு காட்டவும். ஓவர்."

மறுநாள் ஐந்து நாற்பதுக்குத் தீவம்மாவின் குரல் வந்தது. "சூடு காட்டினேன். இப்போ அந்தக் கை கரண்டிக் காம்பு மாதிரி வளைஞ்சு நிக்குது. அடுத்து என்ன செய்யணும்? ஓவர்."

முத்திரைக்காரர் திரும்பி மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்த பார்வைக்கு எந்தத் தராசிலும் எடைக்கல் இல்லை.

"மைக்கைக் குடுங்க."

"முடியாதும்மா. சட்டப்படி..."

"சட்டப்படி அவங்க கண்ணாடியை உருக்கிட்டீங்க. குடுங்க."

"ரெண்டாம் கிரேடு சிற்றலையில பேசினா ரெண்டு பேர் லைசென்ஸும் போயிடும். தீவுக்குப் பதில் சொல்ல அப்புறம் யாருமே இருக்க மாட்டாங்க."

அதில் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சல். அதற்குள் பத்து நிமிஷமும் முடிந்துபோனது. அடுத்த இரண்டு நாளும் வானிலை கெட்டு, தீவின் குரல் வந்து விழவேயில்லை.

அந்த வாரமே லைசென்ஸ் ஆபீசிலிருந்து எல்லா கிளப்புக்கும் ஒரு கடிதம் வந்தது. இரண்டாம் கிரேடுக்காரர்களுக்கு மோர்ஸ் இல்லாமலே சிற்றலையில் இடம் கொடுக்கலாமா, தங்கள் மேலான கருத்து என்ன, சனிக்கிழமைக்குள் தெரிவிக்கவும். ஆபீஸ் கருத்துக் கேட்பதே அபூர்வம். கிளப் குஷியாகிவிட்டது. ஏற்கெனவே மேலே ஏறி உட்கார்ந்தவர்களிடம் கீழே நிற்பவர்களுக்கு ஏணி போடலாமா என்று கேட்டால் எவ்வளவு ஆர்வமாக யோசிப்பார்கள்!

வியாழக்கிழமை பல் டாக்டர் மூக்குக் கண்ணாடியை இறுக்கிக்கொள்ளக் கடைக்கு வந்தார். கிளப்பின் முதல் கிரேடுகளில் அவரும் ஒருவர்.

"சனிக்கிழமை நான் எதிர்த்துத்தான் பேசப் போறேம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. மோர்ஸ்னா ஒரு தவம். என் பரீட்சையை இருபது வருஷம் ஆகியும் மறக்கல. நாளைக் காலை பத்து ஆடுகள் துறைமுகம் வந்து சேரும்..."

கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு வாங்காமல், பத்து ஆட்டையும் ஓட்டிக் கரை சேர்த்தார்.

கண்ணாடியக்காவின் கையில் இருந்த குட்டி ஸ்க்ரூ டிரைவர் அப்படியே நின்றது. இந்த ராகத்தை அவள் எங்கேயோ கேட்டிருக்கிறாள். இதே கடையில். லாரி டிரைவர்கள் வாயில்.

"உங்களுக்கும் அதே ஆடுதானா டாக்டர்?"

"எல்லாருக்கும் அதேதான். பரீட்சைக்கு முன்னால டீக்கடையில தலைவரே சொல்லிடுவாரே, இதை நல்லாப் படிச்சுக்கன்னு."

டீக்கடைக்கு அவள் போனதில்லை. யாரும் கூப்பிட்டதுமில்லை. பரீட்சை நாளில் ஆண்கள் எல்லாம் டீ குடிக்கப் போனபோது, நாற்காலிகளை வரிசையாகப் போட்டது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் புருஷனைக் கேட்டாள். "நீங்க பரீட்சை எழுதினப்போ..."

"ஆடுதான். ஏன்?"

"ஒண்ணுமில்ல," என்றாள். ஒண்ணுமில்ல என்று அவள் சொன்னால் என்னவோ இருக்கிறது என்பது இருபத்தாறு வருஷத்தில் அவர் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய மோர்ஸ்.

கிளப், சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது. பதினோரு நாற்காலி, ஒரு மின்விசிறி, சுவர் நிறைய தூர தேசத்திலிருந்து வந்த அட்டைகள். சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு விவாதம் தொடங்கியது. முத்திரைக்காரர் குறிப்பெடுத்தார்.

மாவு மில் தலைவர் எழுந்தார். "தரம்னு ஒண்ணு இருக்கு. கதவைத் திறந்துவிட்டா நாளைக்கு எவன் வேணா வந்து பேசுவான். சல்லடை இல்லாத மாவு மாதிரி ஆயிடும் சிற்றலை."

"ஆமா," என்றார் பல் டாக்டர். "கஷ்டப்பட்டாத்தான் அருமை தெரியும். வலி இல்லாம எதுவும் வராது."

"உங்க தொழில் அப்படி, டாக்டர்," என்றார் கண்டக்டர். பஸ் கண்டக்டரான அவரும் இரண்டாம் கிரேடுதான். பதினைந்து மாதமாக டிக்கெட் கிழிக்கும் கையால் கம்பியில் மோர்ஸ் தட்டிப் பழகுகிறார். பயணிகள் அவருக்கு நரம்புத் தளர்ச்சி என்று நினைக்கிறார்கள். "ஒரு சந்தேகம் தலைவரே. பேசறது வாயால. பரீட்சை விரலுக்கு. நீச்சல் குளத்துல இறங்க சைக்கிள் ஓட்டிக் காட்டற மாதிரி இருக்கே?"

"கட்டுப்பாடுய்யா! மோர்ஸ் படிச்சவனுக்குக் கேக்கிற பொறுமை வரும். அதுதான் தரம்."

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்," என்று கண்ணாடியக்கா எழுந்தாள். முத்திரைக்காரரின் பேனா நின்றது. "தலைவர் சொல்றது சரி. கேக்கிற பொறுமை வேணும். நம்ம கருத்தை எழுதறதுக்கு முன்னால, முதல் கிரேடுக்காரங்க எல்லாரும் ஒரு தடவை எழுதிக் காட்டிட்டா, கடிதத்துக்கு இன்னும் கனம் வரும். நான் தட்டறேன். ரெண்டே நிமிஷம்."

மறுப்பது எப்படி? தரம் என்று இப்போதுதான் மேஜையைத் தட்டியிருக்கிறார்கள். எட்டுப் பேர் காகிதத்தை எடுத்தார்கள். ஒருவர் சட்டைக் கையைக்கூட மடித்துக்கொண்டார்.

குட்டி குட்டி ஸ்க்ரூவைத் திருகிப் பழகிய விரல் அவளுடையது. சாவியைத் தட்டினால் அச்சடித்த மாதிரி வரும். "நாளைக் காலை பத்து..." என்று தொடங்கினாள். எட்டு முகத்திலும் பழைய நண்பனைப் பார்த்த மலர்ச்சி. அவள் விரல் தட்டிக்கொண்டே போனது. பேனாக்கள் அவள் விரலுக்கு முன்னால் ஓடின.

மூலையில், பொழுது போகாமல் தானும் எழுதிக்கொண்டிருந்த கண்டக்டர் திடீரென்று குபுக்கென்று சிரித்தார். வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"என்னய்யா சிரிப்பு?" என்றார் தலைவர், எழுதுவதை நிறுத்தாமல்.

அவள் முடித்தாள். காகிதங்களை வாங்கி மேஜையில் பரப்பினாள். ஏழு காகிதத்தில், பத்து ஆடும் துறைமுகம் வந்து, எண்ணப்பட்டு, புல் தின்றுகொண்டிருந்தன.

"கண்டக்டர் தம்பி, நீங்க எழுதினதைப் படிங்க."

கண்டக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தார். இரண்டு இடத்தில் தடுமாறினாலும் விஷயம் தெளிவாக இருந்தது: "நாளைக் காலை பத்து உறுப்பினர்களுக்குப் பல் டாக்டர் பல் பிடுங்குவார். மயக்க மருந்து கிடையாது. தலைவருக்கு முதலில்."

பல் டாக்டர் தன் காகிதத்தை மெதுவாக எட்டி எடுத்து மடித்து, மடித்து, மாத்திரை அளவுக்கு ஆக்கினார்.

எட்டாவது காகிதம் முத்திரைக்காரருடையது. அதில் 'நாளைக் காலை பத்து' என்று மட்டும் இருந்தது. அதற்குக் கீழே, அழகான ஆபீஸ் கையெழுத்தில்: 'இதற்கு மேல் எனக்குப் புரியவில்லை.' கையொப்பமும் தேதியும் போட்டிருந்தார்.

"செயலாளரே, நீங்களாவது ஆட்டை எழுதியிருக்கலாமே," என்றார் ஒருவர், தோளில் தட்டுகிற குரலில்.

"ஆடு வரல. வராத ஆட்டை எப்படி எழுதறது?" என்றார் முத்திரைக்காரர். முகம் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கியிருந்தது. பிறகு என்ன தோன்றியதோ, எழுந்து அலமாரியைத் திறந்தார். அரக்கு வைத்த உறை ஒன்றை எடுத்தார். கேசட்டை டேப் ரிக்கார்டரில் போட்டார். மனைவியின் போன வருஷப் பரீட்சை. தலைவரின் விரல் அறையில் ஒலித்தது.

முத்திரைக்காரர் பையிலிருந்து ஸ்டாப் வாட்சை எடுத்தார். ஆபீஸ் வாட்ச். பெட்ரோல் பங்க்கில் அளவு பார்க்க வைத்திருப்பது.

மோர்ஸில் ஒரு புள்ளி என்றால் ஆங்கில எழுத்து ஈ. இரண்டு புள்ளி ஒட்டி வந்தால் ஐ. 'ஷீப்' என்பதற்கு ஈ, ஈ என்று இரண்டு தடவை, நடுவே மூச்சு விட்டுத் தட்ட வேண்டும். நிற்காமல் ஓடுகிற மில்லில் பழகிய தலைவரின் கட்டைவிரலுக்கு மூச்சு விடும் பழக்கம் இல்லை. இரண்டு புள்ளியையும் ஒட்டியே தட்டியிருந்தார். கேசட்டைப் பாதி வேகத்தில் ஓட்டினார் முத்திரைக்காரர். மறுபடி ஓட்டினார். ஆறு இடத்திலும் அளந்தார். விரல்விட்டு எண்ணினார். அப்புறம், கடைக்காரர்களிடம் பேசும் அந்தக் குரலில் சொன்னார்:

"தலைவரே, இடைவெளி எடை குறையுது."

"என்னது?"

"நீங்க தட்டினது ஆடு இல்ல. கப்பல். ஆறும் கப்பல்தான். இவ எழுதினது அத்தனையும் சரி."

"அது... விரல்ல வாதம்..." என்றார் தலைவர்.

"தராசுக்கு வாதம்னு சொன்னா நான் விட்டுருக்கேனா?"

விடைத்தாளை எடுத்து, ஆறு சிவப்புக் கோட்டையும் அடித்து, பக்கத்தில் ஆறு சரி போட்டார். விதிப் புத்தகத்தைத் திறந்தார். தேர்வில் தேறியவர் தேறிய நாளிலிருந்தே முதல் கிரேடில் பேசலாம், அட்டை பின்னால் வரும். உரக்கப் படித்தார்.

"அப்போ போன வருஷத்துலேருந்தே எனக்கு லைசென்ஸ் இருக்கா?" என்றாள் கண்ணாடியக்கா.

"ஆமா."

"ஒரு வருஷமா சும்மா வாயை மூடிட்டு இருந்திருக்கேனா?"

"சும்மாவா இருந்தே?" என்றார் முத்திரைக்காரர் முணுமுணுப்பாக. அதைக் குறிப்பில் எழுதவில்லை.

ஆபீசுக்கு அன்று கடிதம் போகத்தான் செய்தது. மோர்ஸ் வேண்டுமா வேண்டாமா என்பது மிக ஆழமான விஷயம் என்பதால், கிளப் ஏகமனதாக ஆறு மாத அவகாசம் கேட்டது. அதைச் சொல்லி எழுதவைத்தவர் தலைவர். அவகாசம் எதற்கு என்பது அடுத்த நாளிலிருந்து மில்லில் மாவு ஓடும் சத்தத்துக்கு நடுவே கேட்ட பீப் பீப் சத்தத்தில் தெரிந்தது. கண்டக்டர் பத்து நாள் கழித்து நேரில் தட்டச் சொல்லிப் பரீட்சை எழுதித் தேறினார். தட்டியது கண்ணாடியக்கா. பத்தியில் ஆடு இல்லை.

ஆனால் அன்றைக்கு மணி ஐந்து இருபது ஆகியிருந்தது. கண்ணாடியக்கா கூட்டம் முடியும்வரை காத்திருக்கவில்லை. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். முத்திரைக்காரர் விதிப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

ஐந்து நாற்பது. கொசு முனகியது. "யாராவது இருக்கீங்களா?"

மைக்கை எடுத்தாள். லைசென்ஸில் தனக்குக் கொடுத்திருந்த அழைப்பு எழுத்துகளைச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. அதற்கு ஆறு மாத ஒத்திகை இருந்தது.

"ரிப்போர்ட் சொல்லு, ரிப்போர்ட்," என்று பின்னால் கிசுகிசுப்பு. "ஐந்துக்கு மூணுன்னு சொல்லு."

"அம்மா, முதல்ல தீப்பெட்டியை எடுத்து உள்ளே வைங்க," என்றாள் அவள். "நான் கண்ணாடிக் கடைக்காரி. டீ குடிக்கிற சூட்டுல தண்ணி எடுத்துக்கோங்க, கொதிக்கக் கூடாது. வளைஞ்ச கையை அதுல முக்கி முப்பது எண்ணுங்க. துணியில பிடிச்சு மெதுவா நிமிர்த்துங்க. அதுக்கப்புறம் தூண்டில் நரம்பு இருக்கா பாருங்க. ஓவர்."

ஏழு நிமிஷம் தீவிலிருந்து சத்தம் இல்லை. ரேடியோவின் இரைச்சல் மட்டும். முத்திரைக்காரர் ஸ்டாப் வாட்சைப் பார்த்தார். எட்டாவது நிமிஷம் குரல் வந்தது.

"மாட்டிட்டேன். கொஞ்சம் கோணல். ஆனா நிக்குது... இருங்க, பாரமானியைப் பாக்கறேன்." கொஞ்சம் இடைவெளி. சரியான அளவு இடைவெளி. "எட்டு! எட்டும்மா! மூணே இல்ல! ஓவர்."

கண்ணாடியக்கா நாற்காலியில் சாய்ந்து, தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"கத்திரி பூத்துச்சான்னு கேளு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கேட்டாள். பூத்திருந்தது. மூன்று பூ, நிமிர்த்திய கண்ணாடியில் இப்போதுதான் எண்ணினாராம். மீதி அரை நிமிஷத்தில் தீவம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"அன்னிக்குச் சூடு காட்டச் சொன்னாரே அந்த வெயில்காரர், அவர் உங்களுக்கு வேண்டியவரா? ஓவர்."

கண்ணாடியக்கா திரும்பிப் பார்த்தாள். முத்திரைக்காரர் மேலே காய்ந்துகொண்டிருந்த பனியனைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் மூணாம் மனுஷர்," என்றாள். "எழுபத்து மூணு."